கோழிக்குச் சொன்ன ஏச்சு

மலையம்மாள் தன் வீட்டு வாசல் நிலையைத் தாண்டும்போதெல்லாம் வலது கையை உயர்த்தி மேல்கட்டையைத் தொட்டுவிட்டுத்தான் போவாள். உள்ளே போனாலும் தொடுவாள், வெளியே வந்தாலும் தொடுவாள். வலது கையில் சுமை இருந்தால் அதை இடது கைக்கு மாற்றிக்கொண்டு தொடுவாள். செக்காலை ரோட்டிலிருந்து மேற்கே இறங்குகிற அந்தத் தெருவில் பல வருஷமாக எல்லோரும் பார்த்த பழக்கம் அது. அந்தத் தெருவுக்கு வாழ வந்த மருமகள்கள் சிலர், இது இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது, நிலையில் சாமி இருக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துத் தாங்களும் தொட ஆரம்பித்தார்கள். ஒருத்தி தொட்டதோடு நில்லாமல் விரலைக் கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டாள். மலையம்மாள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் வேலைக்குப் போனாள்.

அதில் சாமியும் இல்லை, பக்தியும் இல்லை. அடுத்த வீட்டுக்காரி மேல் உள்ள ஆத்திரம் மட்டும்தான் இருந்தது.

அடுத்த வீட்டுக்காரி வேறு யாரும் இல்லை, கொழுந்தன் பெண்டாட்டி ஒச்சம்மாள். இருளாண்டியும் செம்மலையும் அண்ணன் தம்பிகள். மூத்தவன் இருளாண்டிக்கு வாழ்க்கைப்பட்டவள் மலையம்மாள், இளையவன் செம்மலைக்கு ஒச்சம்மாள். மாமனார் இருந்தவரை ஒரே உலை. அவர் போனபிறகு நிலத்தைப் பிரித்தார்கள், மாட்டைப் பிரித்தார்கள், வீட்டுக்கு நடுவே சுவர் எழுப்பினார்கள். கொல்லையில் இருந்த கிணற்றை மட்டும் பிரிக்க முடியவில்லை. சுவர் ஒரு பக்கமிருந்து வந்து கிணற்றின் கைப்பிடிச் சுவரில் முட்டி நின்றது. மறுபடி அந்தப் பக்கம் கைப்பிடிச் சுவரிலிருந்து கிளம்பி வேலிவரை ஓடியது. கிணற்று வாய்க்கு மேலே மட்டும் சுவர் இல்லை. இந்தப் பக்கம் ஒரு உருளை, அந்தப் பக்கம் ஒரு உருளை. இரண்டு பெண்களும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க அந்த வாய் ஒன்றுதான் மிச்சம்.

சண்டை எதில் தொடங்கியது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். பாகம் பிரித்த அன்று ஒச்சம்மாள், ஒற்றைப் பொட்டப்பிள்ளை வைத்திருக்கிறவளுக்கு எதற்கு இம்புட்டு இடம் என்றாள் என்பது மலையம்மாள் சொல்வது. பெரிய மனிதர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் மலையம்மாள் ஒச்சம்மாளின் காலடியில் காறித் துப்பினாள் என்பது இவள் சொல்வது. இரண்டும் நடந்ததுதான். அன்றோடு பேச்சு நின்றது.

நேராகப் பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. ஒச்சம்மாள் ஒரு கருப்புக் கோழி வளர்த்தாள். கிணற்றடிக்கு வரும்போது அதுவும் பின்னாலேயே வரும். மலையம்மாளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாம் அவள் அந்தக் கோழியிடம் சொல்வாள். மலையம்மாளிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. பதில் எல்லாம் ஆட்டுக்குப் போகும். சாடை பேசுவது அந்தத் தெருவுக்குப் புதிதில்லை. ஆனால் இப்படிக் கோழியும் ஆடுமாக உட்கார்ந்து இரண்டு பேரின் ஏச்சையும் பொறுமையாகக் கேட்டது அந்த இரண்டு வீட்டில்தான்.

ஒச்சம்மாளுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். மலையம்மாளுக்கு ஒரே மகள், அவளையும் காளையார்கோவிலில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இன்றைக்கில்லாவிட்டாலும் என்றைக்காவது ஒரு நாள் நடுச்சுவரை இடித்துவிட்டு எல்லாம் ஒச்சம்மாளின் பிள்ளைகள் கைக்குத்தான் போகும் என்பது தெருவுக்கே தெரியும். மலையம்மாள் பக்கம் நின்றது ஒன்றே ஒன்று. அது முதல் பாரி.

பங்குனியில் தெருக்கோடி அம்மனுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். நவதானியத்தை எருவிலும் மண்ணிலும் விதைத்து, வெயில் படாத அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்த்து, கடைசி நாள் பெண்கள் தலையில் சுமந்துபோய் ஊருணியில் கரைப்பார்கள். வரிசையில் முன்னால் போகிற பாரி இவர்கள் குடும்பத்துக்கு உரியது. அதை மூத்த மருமகள்தான் தூக்க வேண்டும். தரையில் இருக்கிற சட்டியைத் தன் இரண்டு கையாலும் தானே எடுத்துத் தானே தலைக்கு ஏற்ற வேண்டும். வேறு யாரும் ஏற்றிவிடக் கூடாது. ஏற்றமுடியாமல் போனால் அடுத்தவள் தூக்குவாள். அப்புறம் அது அவளுக்கும் அவள் மருமகள்களுக்கும்தான். ஒரு தரம் கைமாறிய பாரி திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. பாரி வளர்க்கிற அறைக்குப் பொறுப்பாளி கருத்தையா. இந்த விஷயத்தில் அவர் தன் தாயாருக்கே இளக்கம் காட்டாதவர்.

அறுபத்திநாலாம் வருஷம் வைகாசியில் மலையம்மாள் வைக்கோல் படப்பில் ஏறி வைக்கோல் பிடுங்கிக்கொண்டிருந்தவள் சரிந்து விழுந்தாள். விழுந்த வாக்கில் வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. தோளுக்குக் கீழே எலும்பு முறிந்தது. நாச்சியாபுரம் பக்கமிருந்து வைத்தியரைக் கூட்டிவந்து மூங்கில் பத்தை வைத்து, முட்டை வெள்ளைக் கரு தோய்த்த துணியால் நெஞ்சோடு சேர்த்துக் கட்டினார்கள். வைத்தியர் பிரிக்கச் சொன்ன நாளில் அவள் பிரிக்கவில்லை. பிரித்தால் எலும்பு மறுபடி விட்டுவிடும் என்று பயம். இன்னும் கொஞ்ச நாள் கிடக்கட்டும், கிடக்கட்டும் என்று வைத்திருந்தாள். கடைசியில் பிரித்தபோது எலும்பு நன்றாகக் கூடியிருந்தது. ஆனால் கை நெஞ்சுக்கு மேலே போகவில்லை. தலைமுடியைக்கூட அள்ளி முடிய முடியவில்லை.

கட்டைப் பிரித்த மறுநாள் அவள் இடது கையால் தண்ணீர் இறைக்கப் பார்த்துக்கொண்டிருந்தபோது எதிரே ஒச்சம்மாள் வந்தாள். ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். பிறகு குனிந்து கோழிக்கு அரிசிக் குறுணையைத் தூவினாள்.

"சிறகு ஒடிஞ்சதுக்கெல்லாம் எதுக்குடி ஆசை? கூடைக்குள்ள கெட. வர்ற பங்குனிக்கு எல்லாம் இங்குட்டு வந்துரும்" என்றாள் கோழியிடம்.

 பதில் சொல்ல மலையம்மாளுக்கு ஆடும் அன்றைக்குப் பக்கத்தில் இல்லை.

இருளாண்டி அவளைக் காரைக்குடி அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். அங்கே இருந்த நர்ஸ் நல்ல உயரம், நல்ல குரல், நின்று பேச நேரமில்லாதவள். கையை எடுத்து மேலே தூக்கிப் பார்த்தாள். மலையம்மாள் போட்ட சத்தத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து பார்த்தார்கள். நர்ஸ் அசரவில்லை. எலும்பில் ஒன்றும் இல்லை, தோள்தான் பூட்டிக்கொண்டது, அதைத் திறக்க மருந்து மாத்திரை கிடையாது என்றாள். சுவரில் விரலை நடக்கவிட்டுக் கையை மேலே ஏற்ற வேண்டும். கிணற்று உருளையில் கயிற்றைப் போட்டு இரண்டு நுனியையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் கீழே இழுத்து நோவுகிற கையை மேலே தூக்க வேண்டும். காலையிலும் சாயங்காலமும், ஒரு வேளைகூட விடாமல்.

"வலி உசுரு போகுதே தாயி" என்றாள் மலையம்மாள்.

"அழுகை வந்தா அழுங்க. ஆனா தூக்கிக்கிட்டே அழுங்க" என்று சொல்லிவிட்டு நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

முதல் வாரம் மலையம்மாள் ஒழுங்காகத்தான் செய்தாள். அப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை நாள் நல்லா இல்லை என்று விட்டாள். ஒரு நாள் பசு கன்று போட்டது. ஒரு நாள் விறகு ஈரம், அடுப்பே எரியவில்லை, இதில் கையை எங்கே தூக்க. அமாவாசைக்கு விட்டாள். அமாவாசைக்கு மறுநாள், நேற்று விட்டதால் இன்று அதிகமாக வலிக்கும் என்று விட்டாள். வலி என்றால் முறிந்த அன்று இருந்த வலி இல்லை. அது வந்தது, கத்தினாள், போனது. இது தானே போய்த் தினமும் கூட்டிவர வேண்டிய வலி. கூப்பிடாவிட்டால் அது பாட்டுக்குப் பேசாமல் இருக்கும். பேசாமல் இருக்கிற வலியைக் கயிறு போட்டு இழுத்து எழுப்ப யாருக்கு மனசு வரும்?

இருளாண்டி நல்லவன். அவனால் ஒரு உபகாரமும் இல்லை. அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதைப் பார்த்தால் அவனுக்குக் கண் கலங்கும்.

"விடு புள்ள. பாதிக் கை தூக்குதுல்ல. சோறு திங்க அது போதாதா?" என்பான்.

அவன் அப்படிச் சொன்னதும் அவள் உடம்பெல்லாம் தளர்ந்து கயிற்றை விட்டுவிடுவாள். அவன் போட்டுக்கொடுக்கிற பலகையில் உட்கார்ந்து மோர் குடிப்பாள். அவனுடைய பிரியம் அவளைக் கூடைக்குள்ளேயே வைத்திருந்தது.

ஆடி மாதம் ஒரு காலை, பல நாள் கழித்து, ஏதோ தோன்றி உருளையில் கயிற்றைப் போட்டு நின்றாள். இழுக்கலாமா வேண்டாமா என்று நின்றுகொண்டிருக்கும்போதே எதிர்ப்பக்கம் ஒச்சம்மாள் குடத்தோடு வந்தாள், பின்னால் கோழி.

"அடியே, அங்க பாரு. தண்ணியில்லாத கயித்த இழுக்கிறாக. கரலாக்கட்டை சுத்தப் போறாகளா, மஞ்சுவிரட்டுல மாடு அணையப் போறாகளா, தெரியல" என்றாள்.

மலையம்மாளின் இடது கை தானாகக் கீழே இறங்கியது. வலது கை மேலே போனது. அதுவரை போகாத இடத்துக்குப் போனது. தோளுக்குள் ஏதோ கிழிகிற மாதிரி இருந்தது. அவள் மூச்சு விடாமல் கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த முகத்தையே பார்த்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். ஒச்சம்மாள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகும்வரை இழுத்தாள். அவள் போன பிறகுதான் வலித்தது.

அன்றிலிருந்து மலையம்மாளின் பயிற்சிக்கு நேரம் குறித்தவள் ஒச்சம்மாள். அவள் கிணற்றுக்கு எப்போது வருகிறாளோ அப்போது இவள் கயிற்றைப் போடுவாள். அவள் வரப் பிந்தினால் இவள் உருளையைத் துடைப்பதும் கயிற்றை முறுக்குவதுமாகக் காத்திருப்பாள். கொலுசுச் சத்தம் கேட்டதும் நுனியைப் பிடிப்பாள். ஒச்சம்மாளும் ஏமாற்றவில்லை. நாளுக்கு ஒன்று புதிதாகக் கொண்டுவந்தாள். கை தூக்குகிற கோலம் ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி இருக்கிறது என்றாள். இந்தக் கையை நம்பி அம்மன் உட்கார்ந்திருந்தால் ஊருணி போய்ச் சேர்ந்த மாதிரிதான் என்றாள். எல்லாம் கோழியிடம். ஒவ்வொன்றுக்கும் மலையம்மாளின் கை கொஞ்சம் ஏறியது. சமையல்கட்டுச் சுவரில் விரல் எட்டிய இடத்தில் அடுப்புக்கரியால் ஒரு கோடு போடுவாள். பழைய கோட்டை அழித்துவிட்டு அதற்கு மேலே புதுக்கோடு. ஐப்பசி அடைமழையில்கூடத் தலையில் கோணிச்சாக்கைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் கிணற்றடிக்கு வந்தார்கள். ஒருத்தி ஏசுவதற்கு, ஒருத்தி தூக்குவதற்கு.

கார்த்திகையில் கரிக்கோடு நெற்றிக்கு மேலே போய்விட்டது. அந்தச் சந்தோஷத்தில்தான் மலையம்மாள் அந்தத் தப்பைச் செய்தாள்.

மோர் விற்கிற மீனாள் இரண்டு வீட்டுக்கும் வருகிறவள். மோர்ப்பானையை இறக்கிவைத்துவிட்டு, கை தேவலையா என்று கேட்டாள். மலையம்மாள் கையைத் தூக்கிக் காட்டினாள். எந்த வைத்தியர் என்று மீனாள் கேட்டாள்.

"வைத்தியனா? அங்குட்டு இருக்காளே அவ வாயிதான் மீனா எனக்குத் தைலம். அவ ஒரு சொல்லு சொன்னா என் கை ஒரு விரக்கடை உசருது. அவ வாய மூடிக்கிட்டான்னா நான் முடங்கிப்போவேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மீனாளும் சிரித்தாள். சிரித்துவிட்டு, அதே மோர்ப்பானையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை மலையம்மாள் நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒச்சம்மாள் வந்தாள், தண்ணீர் இறைத்தாள், கோழிக்குக் குறுணை போட்டாள். ஒரு சொல் இல்லை. போகும்போது இவளைப் பார்த்து உதட்டை மூடியபடி சிரித்துவிட்டுப் போனாள். அந்தச் சிரிப்பிலேயே மலையம்மாளுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்குக் கை கழுத்தோடு நின்றது.

ஒரு வாரம் அப்படிப் போனது. பிறகு ஒச்சம்மாள், செம்மலையை விட்டுக் கிணற்று வாய்க்கு நடுவே கீற்றுத் தட்டி ஒன்றைக் கட்டவைத்தாள். இப்போது முகமும் இல்லை. தட்டிக்கு அந்தப் பக்கம் வாளி விழும் சத்தம் மட்டும் கேட்டது. அதுவும் போதாதென்று மார்கழியில் செம்மலை வெற்றிலைத் தட்டோடு அண்ணனைப் பார்க்க வந்தான். சுவர் எழுப்பியதிலிருந்து அவன் அந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை.

"மதினிக்கு எதுக்குண்ணே இம்புட்டுக் கஷ்டம்? இந்த வருசம் எங்க வீட்ல தூக்கட்டும். மதினி முன்னால தாம்பாளம் ஏந்தி நடந்து வரட்டும். யாரு தூக்குனா என்ன, அம்மன் ஒண்ணுதான" என்றான்.

இருளாண்டி வெற்றிலையை மென்றபடி, அதுவும் சரியாகத்தான் படுகிறது என்றான். கதவுக்குப் பின்னால் நின்ற மலையம்மாள், கையில் இருந்த செம்பைத் தரையில் போட்டாள். கை தவறி விழுந்த சத்தம் இல்லை அது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது. செம்மலை எழுந்து போய்விட்டான்.

அந்தக் கோபத்தில் அன்று சாயங்காலம் நன்றாகத் தூக்கினாள். மறுநாள் காலை எழுந்தபோது அது ஆறிக்கிடந்தது. பெரிய கோபம் ஒரு நாளைக்குத்தான் ஓடும் என்று அவள் அப்போது கண்டுகொண்டாள். செம்மலை வந்துபோனதை நினைத்து நினைத்துப் பார்த்தாள். நினைக்க நினைக்கக் கண்ணீர்தான் வந்தது, கை வரவில்லை. இரவு எவ்வளவு எரிந்த அடுப்பாக இருந்தாலும் காலையில் புதிதாக ஒரு சுள்ளி வேண்டும். அந்தச் சுள்ளியை ஒச்சம்மாள் தட்டிக்கு அந்தப் பக்கம் பூட்டி வைத்துவிட்டாள்.

மலையம்மாள் ஒரு நாள் விட்டாள். ஒரு நாள் செய்தாள். மூன்று நாள் விட்டாள். பொங்கலுக்கு வீடு வெள்ளையடித்தபோது கரிக்கோடும் சேர்ந்து போனது. வெள்ளை காய்ந்ததும் விரலை ஏற்றிப் பார்த்தாள். மூக்குக்கு நேராக நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்ஸ் பார்த்துவிட்டு, விட்டுட்டீகளா என்று மட்டும் கேட்டாள். இன்னும் ஒரு மாதம் இப்படிப் போனால் அப்புறம் யாராலும் திறக்க முடியாது என்றாள். மலையம்மாள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிராளி ஏசவில்லை, அதனால் தூக்கவில்லை என்று அந்தம்மாளிடம் எப்படிச் சொல்வது.

தை கழிந்த ஒரு காலை அவள் கிணற்றடியில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றிருந்தாள். கருப்புக் கோழி எப்படியோ தட்டிக்கு அடியில் நுழைந்து, கைப்பிடிச் சுவர் மேலே நடந்து, இந்தப் பக்கம் வந்து அவளுக்கு நேராக நின்றது. கழுத்தைச் சாய்த்து அவளைப் பார்த்தது. பல நாளாக யாரும் அதனோடு பேசவில்லை. பேச்சுக்குக் காத்திருந்த மாதிரி நின்றது.

மலையம்மாள் வாயைத் திறந்தாள். வந்தது ஒச்சம்மாளின் குரல். அதே இழுப்பு, அதே மூக்கு.

"சிறகு ஒடிஞ்சதுக்கெல்லாம் எதுக்குடி ஆசை? கூடைக்குள்ள கெட."

கை மேலே போனது.

அவளே திடுக்கிட்டுச் சுற்றும் முற்றும் பார்த்தாள். மறுபடி சொன்னாள், மறுபடி போனது. அன்று பழைய ஏச்சை எல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாள். கொடி காட்டுகிறது, மாடு அணைகிறது, எல்லாம். நான்கைந்து நாளில் பழையது தீர்ந்துவிட்டது, உறைக்கவில்லை. அப்புறம் சொந்தமாகச் சொல்ல ஆரம்பித்தாள். ஒச்சம்மாளுக்கு இவளுடைய வெளிக்காயம்தான் தெரியும். இவளுக்கு உள்காயம் எல்லாம் தெரியும், எங்கே தொட்டால் துடிக்கும் என்று தெரியும். ஒற்றைப் பிள்ளை, அதையும் காளையார்கோவிலுக்குத் தள்ளிவிட்டாய், கை முறிந்து இத்தனை நாளாகியும் அது ஒரு தரம் எட்டிப்பார்க்கவில்லை என்றாள். புருஷன் வெற்றிலைக்கு விலைபோகிறவன் என்றாள். நீ செத்தால் உன்னை நினைத்து அழ இந்த வீட்டில் உருளை ஒன்றுதான் உண்டு என்றாள். எல்லாவற்றையும் ஒச்சம்மாள் குரலில், ஒச்சம்மாளின் இழுப்போடு, கோழியைப் பார்த்துச் சொன்னாள். சொல்லும்போது கண்ணில் தண்ணீர் கொட்டும். கை பாட்டுக்கு ஏறி இறங்கும். நர்ஸ் சொன்னபடிதான், தூக்கிக்கொண்டே அழுதாள்.

குரல் தெருவரை கேட்டது. தெருவில் யாருக்கு இது மலையம்மாள் என்று தெரியும்? கை முறிந்தவளைப் பார்த்து இப்படியா பேசுவாய், உனக்கும் பிள்ளைகள் இருக்கிறது என்று ஒச்சம்மாளை வழியில் மறித்துக் கேட்டார்கள். மீனாள் மோர் ஊற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் செம்மலையே சோற்றுத் தட்டில் கையை வைத்தபடி, பெத்த பிள்ளை வரவில்லை என்று ஒருத்தியைச் சொல்லிக் காட்டுகிற அளவுக்கு உனக்கு நாக்கு நீண்டுவிட்டதா என்று கேட்டான். ஒச்சம்மாள் தான் வாயே திறக்கவில்லை என்று சத்தியம் செய்தாள். அவள் வாய் திறக்கவில்லை என்பதை நம்ப அந்தத் தெருவில் ஒரு ஆளும் இல்லை.

மாசி மாதம் ஒரு காலை மலையம்மாள் நடுப்பேச்சில் இருந்தாள். தட்டி படபடவென்று ஆடியது. இரண்டு கை கீற்றைப் பிய்த்து எறிந்தது. எதிரே ஒச்சம்மாள், தலை விரிந்து, மூச்சு வாங்க நின்றாள்.

"அது நானில்ல. உன் மக வரலன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? எம் பேச்சப் பேச நீ யாரு? நான் சொல்லுறதா இருந்தா இத விட நல்லாவே சொல்லுவேன்."

பாகம் பிரித்த நாளுக்குப் பிறகு ஒருத்தியிடம் ஒருத்தி நேராகச் சொன்ன சொல் அதுதான். மலையம்மாள் கயிற்றை விடவில்லை. முகத்தைத் திருப்பி ஆட்டைப் பார்த்தாள்.

"யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றாள் ஆட்டிடம்.

அவ்வளவுதான். மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்தது எல்லாம் ஒச்சம்மாளின் வாயிலிருந்து கொட்டியது. கோழி எங்கே என்றுகூடப் பார்க்கவில்லை. அன்றும் கொட்டியது, மறுநாளும் கொட்டியது. சொந்தச் சரக்கு வந்த பிறகு மலையம்மாள் போலிச் சரக்கை நிறுத்திக்கொண்டாள். பங்குனி பிறப்பதற்குள் கை வாசல் நிலையின் மேல்கட்டையைத் தொட்டுவிட்டது. அன்றிலிருந்து நிலையைத் தாண்டும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

திருவிழா அன்று சாயங்காலம் கருத்தையா முதல் பாரியைக் கொண்டுவந்து கோயில் வாசலில் வைத்தார். அந்த வருஷம் முளை நன்றாக வந்திருந்தது. முழ உயரம் மஞ்சளாக நின்றது. சட்டி முழுக்க ஈர மண், நல்ல கனம். மலையம்மாள் தலையில் சும்மாட்டை வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஒரு எட்டில் ஒச்சம்மாள் புதுச் சேலையோடு, அவளும் தலையில் சும்மாட்டோடு தயாராக நின்றாள். யாரும் சட்டியில் கை வைக்கக் கூடாது, விழுந்தாலும் வைக்கக் கூடாது என்று கருத்தையா ஒரு தரம் சொன்னார்.

மலையம்மாள் குனிந்து சட்டியை எடுத்தாள். இடுப்புக்கு வந்தது. நெஞ்சுக்கு வந்தது. அங்கே நின்றுவிட்டது. வெறுங்கை போகிற இடத்துக்கெல்லாம் சட்டி போகாது என்று அப்போதுதான் தெரிந்தது. தோள் நடுங்கியது. முளைகள் ஆடின.

கூட்டம் உச்சுக்கொட்டியது. மெதுவா, தாயி, மெதுவா என்றார்கள். முடியாட்டி வச்சிரு, அம்மன் கோவிச்சுக்க மாட்டா என்று யாரோ சொன்னார்கள். இருளாண்டியின் கண் கலங்கிவிட்டது. ஒவ்வொரு நல்ல சொல்லுக்கும் சட்டி ஒரு நூல் கீழே இறங்கியது. மலையம்மாள் கழுத்தைத் திருப்பி ஒச்சம்மாளைப் பார்த்தாள். ஒச்சம்மாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். மீனாள் சொன்னதை அவள் மறக்கவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் காலையிலிருந்து அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. உதட்டை மூடியபடி சிரித்தாள்.

மலையம்மாள் கண்ணை மூடினாள். அவள் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் நின்றவர்கள் அம்மனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

"சிறகு ஒடிஞ்சதுக்கெல்லாம் எதுக்குடி ஆசை? கூடைக்குள்ள கெட."

ஒச்சம்மாளுக்கு மட்டும் அது கேட்டது. அவள் முகம் போன போக்கை வேறு யாரும் கவனிக்கவில்லை. எல்லோரும் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சட்டி சும்மாட்டில் உட்கார்ந்துவிட்டது. பெண்கள் குலவை போட்டார்கள். மலையம்மாள் திரும்பிப் பார்க்காமல் ஊருணியைப் பார்த்து நடந்தாள்.

மறுநாள் கிணற்றடியில் ஒச்சம்மாள் கோழியிடம், கருத்தையா சட்டியில் மண்ணைக் குறைத்துப் போட்டிருப்பார் என்றாள். மலையம்மாள் கயிற்றைப் போட்டு இழுத்தாள்.

அதற்குப் பிறகும் அவள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தோள் பூட்டிக்கொள்ளும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். எழுபத்தைந்து வறட்சியில் கிணறு தரை தெரிய வற்றிக் கிடந்தபோதும் அவள் உருளையை இழுத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, பாவம், வெறுங்கிணற்றில் தண்ணீர் இறைக்கிறாள் என்று வழியில் போனவர்கள் இரக்கப்பட்டார்கள். ஒச்சம்மாள் அன்றைக்கு வேறு மாதிரி சொன்னாள். அது இங்கே எழுதக்கூடியது இல்லை.

இது எழுபத்தெட்டாம் வருஷம். சுவர் அப்படியே இருக்கிறது, முதல் பாரி மலையம்மாளிடம்தான் இருக்கிறது. போன வருஷம் ஒச்சம்மாள் படியில் சறுக்கி முழங்கால் ஒடிந்து, மாவுக்கட்டுப் போட்டுப் பிரித்தார்கள். கால் மடங்கவில்லை. தினமும் காலையிலும் சாயங்காலமும் மடக்கி நீட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். அவள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மலையம்மாள் தினமும் வருகிறாள், கயிற்றை இழுத்துக் கையைத் தூக்குகிறாள், தண்ணீர் இறைத்துக்கொண்டு போகிறாள். ஆட்டிடம்கூட ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒச்சம்மாளின் கால் இன்னும் மடங்கவில்லை.